நூலகத் தந்தை அரங்கநாதன்

பதின்மூன்று வயதில் எந்த நூலைப் படிக்கலாம் என்று கேட்டால், ஆசிரியர் ஒரு பட்டியல் தருவார். தாத்தா வேறொரு பட்டியல் தருவார். புத்தகக் கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றை நீட்டுவார். பட்டியல்களுக்குக் குறைவே இல்லை. ஆயினும் பட்டியலில் உள்ள நூல் கைக்குக் கிடைக்காமற் போகலாம். கிடைத்த நூல் மனத்துக்குப் பிடிக்காமலும் போகலாம். ஒரு நூலுக்கும் அதைப் படிக்க வேண்டியவருக்கும் இடையே உள்ள இந்தத் தொலைவைக் குறைப்பது எவ்வாறு என்பதையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவரே சீர்காழி இராமாமிர்தம் அரங்கநாதன். உலகெங்கும் உள்ள நூலகர்கள் அவரை எஸ். ஆர். ரங்கநாதன் என்று அறிவர். நூலகவியல் கற்பிக்கும் கல்லூரி எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே அவர் பெயர் ஒலிக்கும்.

சீர்காழிச் சிறுவன்

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார். பள்ளிப் பதிவேட்டின்படி அவர் பிறந்த நாள் 12. அவரே குறிப்பிட்டதோ 9. பதிவேட்டு நாளே நிலைத்துவிட்டது. இந்திய நூலகர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டு 12ஆம் நாளையே நூலகர் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

தந்தையார் இராமாமிர்தம் சிறு நிலக்கிழார். மாலை வேளைகளில் அக்கம்பக்கத்தாரை அமரச் செய்து இராமாயணத்துக்குப் பொருள் சொல்லும் வழக்கம் அவருக்கு இருந்தது. அரங்கநாதனுக்கு ஆறு வயதானபோது அவர் காலமானார். பிறகு பள்ளி ஆசிரியரான பாட்டனார் சுப்பையர் பேரனை வளர்த்தார். திருஞானசம்பந்தர் பிறந்த ஊராகிய சீர்காழியிலேயே, சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில், அவருடைய பள்ளிக் கல்வி முடிந்தது. உடல்நலம் குன்றிய பிள்ளை. பேச்சிலோ திக்கல் இருந்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குப் பாடம் நடத்திய ஒருவர், சிறு வயதில் ஒரு வாக்கியத்தைத் தடையின்றிச் சொல்லி முடிக்கவே போராடினார். அந்தக் குறையை அவர் விடாமுயற்சியால் சிறிது சிறிதாக வென்றார்.

கணக்கு ஆசிரியர்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று 1913இல் இளங்கலைப் பட்டமும், 1916இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர் அவருக்கு ஆசானாகவும் உற்ற துணையாகவும் விளங்கினார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917இல் மங்களூர் அரசுக் கல்லூரியில் பணியேற்றார். பின்னர்க் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். மாணவரைப் பாடநூலோடு நிறுத்திவிடாமல், நூலகத்தில் தேடிப் படித்து வந்து வகுப்பில் விவாதிக்கச் சொல்வது அவர் முறை. கற்பிப்பதில் அவருக்குப் பேரின்பம் இருந்தது. வேறு தொழிலுக்குப் போக வேண்டும் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் என்னும் பதவியைப் புதிதாக ஏற்படுத்தியது. ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் நூலகப் பயிற்சி பெற்றவர் அரிது. ஆசிரியப் பணியைவிட ஊதியம் கூடுதல் என்பதால் நண்பர்கள் அரங்கநாதனையும் விண்ணப்பிக்கத் தூண்டினர். நூலகம் என்பது என்ன, அது எவ்வாறு நடைபெறுகிறது என்று அவர் அதுவரை ஆராய்ந்ததில்லை. நேர்காணலுக்குச் சற்று முன்னர்தான் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அதுவே அவர் செய்த முழு முன்னேற்பாடு. பதவி அவருக்கே கிடைத்தது.

1924 சனவரியில் பணியேற்றார். சில நாள்களிலேயே மனம் சோர்ந்தார். வகுப்பறையின் கலகலப்பு அங்கே இல்லை. நூல்கள் பூட்டிய அலமாரிகளில் கிடந்தன; படிக்க வருவோரும் மிகச் சிலரே. சிறைப்பட்டவர் போல் உணர்ந்த அவர், பழைய கல்லூரி முதல்வரிடம் ஓடி, தம்மை மீண்டும் ஆசிரியராக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். முதல்வர் ஒரு வழி சொன்னார். பல்கலைக்கழகம் எப்படியும் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப் போகிறது. போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வந்த பின்னும் பிடிக்காவிட்டால் அவருடைய நாற்காலி கல்லூரியில் காத்திருக்கும் என்றார். அந்த நாற்காலிக்கு அரங்கநாதன் திரும்பவே இல்லை.

இலண்டனில் கண்டவை

1924 செப்டம்பரில் கப்பலேறிய அரங்கநாதன், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகவியல் பயின்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ். அவர் குரோய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவர். சிறுவர் நூலகங்களை எவ்வாறு அமைப்பது என்று தனி நூலே எழுதியவர். ஆசிரியரின் துணையோடு அரங்கநாதன் இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அங்கே கண்ட காட்சிதான் அவரை மாற்றியது. கூலி வேலை செய்பவர், இல்லத்தரசியர், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலரும் பொது நூலகத்துக்குள் உரிமையோடு நுழைந்தனர். அலமாரிகள் திறந்திருந்தன. நம் நாட்டில் அன்றைக்கு இத்தகைய காட்சி அரிது. பரோடா சமஸ்தானம் போன்ற சில இடங்கள் விலக்காக இருந்தன. மற்ற இடங்களில் நூலகம் என்பது கற்றறிந்த சிலருக்கான காப்பறையாகவே இருந்தது. நூலகப் பணி என்பது நூல்களுக்குக் காவலிருப்பது அன்று, அதுவும் ஒரு வகைக் கற்பித்தலே என்பது அவருக்குப் புலப்பட்டது.

இன்னொன்றும் நிகழ்ந்தது. நூல்களை வகைப்படுத்த அன்று உலகெங்கும் வழங்கிய முறைகள் கணிதம் கற்ற அவர் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை. அறிவுத்துறைகளை எல்லாம் முன்கூட்டியே அறைகளாகப் பிரித்து எண்ணிட்டு வைத்தால், நாளை புதிதாகப் பிறக்கும் ஒரு துறையை எந்த அறையில் வைப்பது? இந்த ஐயத்தோடு இருந்தவர், இலண்டன் பேரங்காடி ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட சிறு பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள் அவ்வளவுதான். அவற்றை ஒரு வகையில் இணைத்தால் பாரந்தூக்கி. வேறு வகையில் இணைத்தால் வண்டி. நூலின் பொருளையும் இவ்வாறே சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, தேவைக்கேற்ப இணைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் பெரியவர்களின் நூலகங்களைத் திருத்திய கதை இது.

நெற்பயிருக்கு வரும் நோயைத் தீர்ப்பது குறித்துத் தமிழ்நாட்டின் 1950ஆம் ஆண்டு நிலையை விளக்கும் நூல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். வேளாண்மை என்பது அதன் துறை. நெல், நோய், தீர்த்தல், இடம், காலம் என்பவை அதன் கூறுகள். ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. குறியீடுகளை முக்காற்புள்ளியால் பிரித்து இணைத்தால் அந்நூலுக்குரிய எண் கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் முக்காற்புள்ளிக்குக் கோலன் என்று பெயர். ஆகவே இது கோலன் பகுப்புமுறை எனப்பட்டது. 1925இல் தாயகம் திரும்பும் வழியில் கப்பலில் இருந்த சிறு நூலகத்தையே இம்முறையில் அடுக்கிப் பார்த்தார் அரங்கநாதன். அதன்பின் பல ஆண்டுகள் சென்னையில் சோதித்துச் செப்பம் செய்து, 1933இல் நூலாக வெளியிட்டார்.

ஐந்து விதிகள்

சென்னை திரும்பியவர் நூலகத்தின் பூட்டைத் திறந்தார். அலமாரிகளுக்கிடையே வாசகர் தாமே நடந்து, நூலைத் தொட்டு, புரட்டிப் பார்க்க வழிசெய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். விடுமுறை நாளிலும் திறக்கச் செய்தார். இருபது ஆண்டுகள் அவர் விடுப்பே எடுக்காமல் உழைத்தார் என்பர்.

இத்தனை மாற்றங்களுக்கும் அடிப்படையான கொள்கை எது என்னும் கேள்வி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கணிதத்தில் சில அடிப்படை உண்மைகளிலிருந்து மற்றவை அனைத்தும் வருவிக்கப்படுகின்றன அல்லவா? நூலகத்துக்கும் அவ்வாறு சில விதிகள் இருந்தாக வேண்டும் என்று அவர் கருதினார். 1928இல் ஒருநாள் பழைய ஆசான் ராஸிடம் தம் தவிப்பைச் சொன்னார். நூல்கள் பயன்படுவதற்கே என்பதுதானே அவர் சொல்ல வருவது, அதுவே முதல் விதி என்று ராஸ் போகிற போக்கில் எடுத்துக்கொடுத்தார். எஞ்சிய நான்கும் அதைத் தொடர்ந்து விரைவாகப் பிறந்தன. 1931இல் சென்னை நூலகச் சங்கம் அவற்றை நூலாக வெளியிட்டது. அச்சங்கமும் 1928இல் அவர் முயற்சியால் தோன்றியதே.

முதல் விதியைக் கேட்டதும், இதைச் சொல்ல ஓர் அறிஞர் வேண்டுமா என்று தோன்றும். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தனர் என்பதை அறிந்தால் அப்படித் தோன்றாது. சங்கிலி போன பின்னும் பூட்டு இருந்தது. பூட்டு போன பின்னும், கைபட்டால் அழுக்காகும் என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சம் சில பள்ளிகளில் இன்றும் முற்றிலும் போய்விடவில்லை. நூல்கள் பயன்படுவதற்கே என்று ஒப்புக்கொண்டால் எல்லாம் மாற வேண்டும். மக்கள் நடமாடும் இடத்தில் நூலகம் இருக்க வேண்டும். தரையில் நின்றபடியே கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி இருக்க வேண்டும். வேலையும் படிப்பும் முடித்து வருபவருக்கு ஏற்ற நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். வாசகரைக் கண்டதும் முகம் மலரும் நூலகர் இருக்க வேண்டும்.

இரண்டாம் விதி வாசகரைப் பற்றியது. ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஒவ்வொருவர் என்ற சொல்லை அரங்கநாதன் மிக விரிவாக எடுத்துக்கொண்டார். ஆண்களைப் போலவே பெண்கள்; நகரத்தாரைப் போலவே சிற்றூரார்; பார்வையற்றோர், நோயாளிகள், சிறையில் இருப்போர், கடலில் கப்பலோட்டுவோர்; பெரியவரைப் போலவே சிறுவர். அன்றைய இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோரே மிகக் குறைவு. அந்த நிலையில் எல்லோருக்கும் நூல் என்று சொன்னது துணிவான பேச்சு. நூலகர்களுக்கான தொழில்நூலில் மக்களாட்சியின் குரலைக் கேட்பது வியப்பே.

மூன்றாம் விதி அதைத் திருப்பிப் போட்டது. ஒவ்வொரு நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார். அவரிடம் அந்நூலைச் சேர்ப்பது நூலகத்தின் கடமை. அதற்கு நல்ல வழி திறந்த அலமாரி. தேடி வந்தது ஒன்று, கண்ணில் பட்டது வேறொன்று, மனத்தைப் பிடித்துக்கொண்டது அந்த வேறொன்றே என்பது நூலகத்தில் அடிக்கடி நிகழ்வது.

கணித மேதை இராமானுசன் வாழ்வு இதற்குச் சான்று. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, ஏறத்தாழப் பதினாறு வயதில், கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று நண்பர் வழியாக அவர் கைக்கு வந்தது. அது நூலகத்துப் படி. ஏறத்தாழ 5000 கணித முடிவுகளை வரிசையாக அடுக்கிய நூல் அது. விளக்கமோ மிகச் சுருக்கம். இங்கிலாந்தில் தேர்வுக்குப் படிப்போருக்காக எழுதப்பட்ட அதைப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற நூல் என்று எந்த ஆசிரியரும் பட்டியலிட்டிருக்க மாட்டார். அந்நூல் மட்டும் தன் வாசகரைக் கண்டுகொண்டது. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கிய இராமானுசன், பிறகு கணிதத்தை விட்டு மீளவே இல்லை. அவருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பின்னால் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த அரங்கநாதன், 1967இல் இராமானுசனின் வாழ்க்கையை நூலாக எழுதினார்.

நான்காம் விதி வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது. ஐந்தாம் விதி நூலகம் வளரும் உயிர் என்பது. நூல்கள் பெருகும், வாசகர் பெருகுவர், அதற்கேற்ப நூலகமும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த ஐந்தையும் இணைத்துப் பிடித்திருப்பது நூலகரின் நேரடித் துணை என்று அரங்கநாதன் கருதினார். மேசைக்குப் பின்னால் அமர்ந்து முத்திரை குத்துவது மட்டும் நூலகர் வேலை ஆகாது. அவர் அலமாரிகளுக்கிடையே உலவ வேண்டும். தயங்கி நிற்கும் வாசகரை அணுக வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி விண்மீன்களைப் பற்றிய நூல் வேண்டும் என்று வருகிறாள் என்று கொள்வோம். உடனே ஒரு நூலை எடுத்து நீட்டிவிடுவது எளிது. நல்ல நூலகரோ அவளோடு சற்றுப் பேசுவார். மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்து விண்மீன்களை அடையாளம் காண விரும்புகிறாளா, விண்வெளிப் பயணக் கதை வேண்டுமா, அல்லது வானியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை அறிய ஆவலா? இதற்குமுன் அவள் விரும்பிப் படித்தது எது? எந்த மொழியில் அவளுக்கு வாசிப்பு இயல்பாக ஓடுகிறது? இவற்றை அறிந்த பின் அவர் அலமாரியைக் காட்டுவார். நூல்கள் பொருள்வழி அடுக்கப்பட்டிருந்தால், அவள் எடுத்த நூலுக்குப் பக்கத்திலேயே அடுத்து எடுக்க வேண்டிய நூலும் இருக்கும். பகுப்புமுறை என்னும் கடினமான கணக்கெல்லாம் முடிவில் இந்தச் சிறுமிக்காகவே. சென்னையில் இத்தகைய துணைப்பணியை நடைமுறைக்குக் கொண்டுவந்த அவர், 1940இல் அது பற்றித் தனி நூலும் எழுதினார்.

பள்ளிகளைப் பற்றி அவருக்குக் கூர்மையான கருத்து இருந்தது. ஒரே பாடநூலை எல்லோர் கையிலும் கொடுத்து, எல்லோரையும் ஒரே அடி வைத்து நடக்கச் சொன்னால், விரைந்து நடப்பவன் சலிப்படைவான். மெல்ல நடப்பவள் பின்தங்குவாள். நூலகத்தில் அவரவர் தம் நடையில் நடக்கலாம். ஆகவே பள்ளியின் இதயமாக நூலகம் இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். பள்ளி, கல்லூரி நூலகங்கள் பற்றிய அவருடைய நூல் 1942இல் வெளிவந்தது.

மாட்டுவண்டியும் சட்டமும்

நூலகத்துக்கு வர இயலாதவரிடம் நூலகம் போக வேண்டும் அல்லவா? 1931இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் அதைச் செய்து காட்டினார். மாட்டுவண்டியையே நூலகமாக்கிச் சிற்றூர் தோறும் அனுப்பினார். அரங்கநாதனின் நூலக இயக்கம் கிளர்த்திய ஆர்வத்தின் விளைவு அது. மாலையில் வண்டியின் மணியோசை கேட்டு ஓடிவந்த பிள்ளைகளில் பலர் அன்றுதான் பாடநூல் அல்லாத ஒரு நூலை முதன்முதலாகக் கையில் எடுத்திருப்பர்.

தனிமனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் வண்டி நெடுந்தொலைவு ஓடாது என்பதை அரங்கநாதன் அறிந்திருந்தார். நூலகம் சட்டத்தின் வழியே நிலைபெற வேண்டும் என்பது அவர் எண்ணம். 1930இல் காசியில் நடைபெற்ற ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். சென்னைச் சட்டமன்றத்தில் பின்னர்க் கொண்டுவரப்பட்ட முயற்சி நிறைவேறவில்லை. அவர் தளரவில்லை. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இயற்றிய முதல் மாநிலம் அதுவே. வீட்டுவரியோடு ஒரு சிறு தொகையை நூலக வரியாகச் செலுத்தும் ஏற்பாடு அதில் உண்டு. கோடை விடுமுறையில் தாத்தா பாட்டி ஊருக்குச் செல்லும் பிள்ளைகள் கடைத்தெருவிலோ பேருந்து நிலையத்துக்கு அருகிலோ கிளை நூலகம் என்னும் பெயர்ப்பலகையைக் காண்பர். அப்பலகைக்குப் பின்னால் இருப்பது இந்தச் சட்டமே.

காசியிலும் தில்லியிலும்

சட்டம் நிறைவேறியபோது அரங்கநாதன் சென்னையில் இல்லை. 1945இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், அவர் பல்கலைக்கழகப் பணியிலிருந்து தாமே விலகினார். இருபத்தோர் ஆண்டுகள் கண்ணாய் வளர்த்த நூலகத்தை விட்டு வருவது எளிதாக இருந்திருக்க முடியாது. அமைதியாக இருந்து எழுதலாம் என்று எண்ணியவரை, காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அழைத்தார். அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்கள் ஒழுங்குபடுத்தப்படாமல் இருந்தன. இரண்டே ஆண்டுகளில் பெரும்பாலும் தனியொருவராகவே அவற்றை வகைப்படுத்தி முடித்தார். நாளொன்றுக்கு எத்தனை நூல் என்று வகுத்துப் பார்த்தால் அந்த உழைப்பின் அளவு விளங்கும்.

1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். துணைவேந்தர் மாரிஸ் குவையர் அழைத்திருந்தார். நூலகவியலில் பட்டப் படிப்பும், முனைவர் பட்ட ஆய்வும் அங்கே தொடங்கப்பட்டன. அங்கே பயின்றவர்கள் நாட்டின் பல பகுதிகளில் நூலகங்களை அமைத்தனர். பின்னர் இரண்டு ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் தங்கி எழுதினார்; உச்சயினியில் விக்கிரமப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். சொந்த ஊரையும் சொந்த மொழியையும் விட்டுத் தொலைவில் வாழ்வது எத்தகையது என்பதை அவர் நன்கு அறிந்தவர். மக்கள் தம் தாய்மொழியில் படிக்கத் தக்க நூல்கள் பெருக வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதையும் இங்கே நினைக்கலாம்.

அவர் வாழ்க்கை மிக எளியது. அவ்வெளிமையால் சேர்ந்த பணத்தில் ஒரு லட்சம் ரூபாயை 1956இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படச் செய்தார். அப்பதவிக்குத் தம் மனைவி சாரதாவின் பெயரும் சேர வைத்தார். அன்றைய ஒரு லட்சம் ஒரு மனிதரின் வாழ்நாள் சேமிப்பு.

பெங்களூருவில்

1957இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக அமர்த்தியது. இறுதிக் காலத்தில் பெங்களூருவில் வாழ்ந்தார். அங்கே 1962இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் சார்பில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். எழுபது வயதைக் கடந்தும் மாணவரோடு விவாதிப்பதை அவர் நிறுத்தவில்லை. கோலன் பகுப்புமுறையையும் முடிந்த வேலையாக எண்ணாமல் பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கொண்டே இருந்தார்.

உலகின் பெரும்பாலான நூலகங்கள் இன்றும் அவருடைய பகுப்புமுறையைக் கையாளவில்லை. பழகிய பழைய எண்களையே வைத்துக்கொண்டன. இலட்சக்கணக்கான நூல்களுக்கு எண் மாற்றுவது பெருஞ்செலவு. ஆயினும் பொருளைக் கூறுகளாகப் பிரித்து இணைக்கும் அவருடைய சிந்தனை நூலகச் சுவர்களைத் தாண்டிப் பரவியது. இணைய அங்காடியில் ஒரு காலணியைத் தேடும்போது அளவு, நிறம், விலை எனத் தனித்தனியே தெரிவு செய்து சுருக்கிக்கொண்டே போகிறோம். ஒரு பொருளைப் பல கூறுகளால் அணுகும் அந்த வழியை அறிவுலகுக்கு முறையாக வகுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் அரங்கநாதன்.

1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூருவில் அவர் காலமானார். பல்கலைக்கழகங்களுக்கும் அறிவியலாளருக்கும் உரிய பெரிய நூலகங்களுக்காக உழைத்த அவர், இறுதி நாள்களில் மீண்டும் பள்ளிப் பிள்ளைகளின் நூலகத்துக்கே திரும்பியிருந்தார். புதிய கல்வியில் பள்ளி நூலகத்துக்கு உரிய இடம் எது என்று அரை நூற்றாண்டு அனுபவத்தைத் திரட்டி அவர் எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டில், 1973இல், அச்சேறி வெளிவந்தது.